நாலாவது வரி

ஆசாரி ஊசியைக் கையில் எடுத்ததும் மேளக்காரர்கள் ஓங்கி அடிக்க ஆரம்பித்தார்கள். தாரணிக்கு அது கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. தவில்காரரின் கை பறந்தது, நாயனக்காரரின் கன்னம் புடைத்தது, மண்டபத்து ஜன்னல் கண்ணாடிகூட அதிர்ந்திருக்கும். அவள் காதில் மின்விசிறி சுற்றுகிற சத்தமும், பந்தியில் இலை போடுகிறவர்களின் பேச்சும்தான் விழுந்தன.

காதுகுத்துக்கு மேளத்தை அப்படி ஏன் அடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தை அலறுவது பெற்றவள் காதில் விழுந்து அவள் மனசு கலங்கிவிடக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாரணியின் காதுக்குள் இருந்த கருவி மேளத்தை வாரியபோது, அதோடு பின்னிக்கிடந்த அழுகையையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மூன்று வயது மகள் மிதிலா தாய்மாமன் மடியில் துடித்துக்கொண்டிருந்தாள். தாரணி முதுகைக் காட்டியபடி தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கணவன் நந்துவின் பெரியம்மா வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"ஏ அம்மிணி, புள்ள அங்க தொண்ட கிழிய அழுவுது. நீ பாட்டுக்குப் பையி அடுக்கிட்டு நிக்கற. காது கேக்கலையா உனக்கு?"

மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. தாரணி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். மிதிலா அவளிடம் வராமல் நந்துவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

காது கேட்காதவள் இல்லை தாரணி. சொல்லப்போனால் கோயம்புத்தூரிலேயே விலை உயர்ந்த காது அவளுடையதுதான். கல்லூரி நாளிலிருந்து அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. இணையத்தில் பாட்டுத் தருகிற சேவைகளில் மற்றவர்கள் எல்லாம் மேலே இருப்பதைக் கேட்பார்கள். இவள் அடிமட்டத்துக்குப் போய், பாடியவனும் அவன் அம்மாவும் மட்டும் கேட்டிருக்கிற பாட்டாகப் பார்த்துத் தோண்டி எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் பீளமேட்டில் பேக்கரி மாடி, காந்திபுரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே உள்ள ஹால் என்று, பத்துப் பேர் கேட்க நாலு பேர் வாசிக்கிற இடமாகத் தேடிப் போய் உட்கார்ந்திருப்பாள். அவள் "நல்லாருக்கு" என்று சொன்ன பாட்டு கொஞ்ச நாளில் ஆட்டோ, சலூன், கல்யாண மண்டபம் எல்லா இடத்திலும் ஒலிக்கும். அப்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "இத நான் அப்பவே சொன்னேன்ல?" சொன்னாள்தான், யார் இல்லை என்றது.

நந்தகோபாலையும் அப்படித்தான் கண்டுபிடித்தாள். சைக்கிள் கடை மாடியில் அவன் கிடார் வாசித்துப் பாடி முடித்ததும் நேராகப் போய், "மூணாவது பாட்டு நல்லாருக்குங்க. மத்தத விட்ருங்க" என்றாள். அவன் மற்றதை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டான்.

கல்யாணமாகி மிதிலா வயிற்றில் இருந்தபோதுதான் எட்வின் தேடி வந்தான். சரவணம்பட்டியில் 'ஊஞ்சல்' என்ற பாட்டுச் சேவை அப்போது புதிதாகக் கண்ணாடிக் கட்டடம் கட்டியிருந்தது. அதில் அவன் மேலாளர்.

"ஒரு நாளைக்கு எங்களுக்கு எத்தன பாட்டு வருதுன்னு நெனைக்கறீங்க மேடம்? மனுஷன் போடறது, மெஷின் போடறது, ரெண்டும் சேர்ந்து போடறது, எல்லாம் லட்சக்கணக்குல. எது ஜனங்களுக்குப் புடிக்கும்னு கணிக்கவும் மெஷின்தான் வெச்சோம். அது நேத்துப் புடிச்சதையே இன்னைக்கும் போட்டுச்சு, நாளைக்கும் அதையே போட்டுச்சு. ஜனங்க சலிச்சுப் போய் ஓடறாங்க. புதுசு எதுன்னு அதுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுது. நீங்க எடுத்து வெச்ச பாட்டுக எல்லாத்தையும் பார்த்துட்டோம். ஒண்ணுகூடத் தப்பல."

"அப்ப நான் கேட்டுட்டு நல்லாருக்கு, நல்லால்லைன்னு சொல்லணும். அவ்வளவுதானுங்களே?"

"சொல்லவே வேண்டாம். கையில தோலுக்கு அடியில அரிசி மாதிரி ஒண்ணு வெச்சிருவோம். பேரே அரிசிதான். உங்களுக்குப் புல்லரிச்சா அதுக்குத் தெரியும். வாய் பொய் சொல்லும், ரோமம் சொல்லாது பாருங்க."

"காதுக்கும் என்னமோ சொன்னீங்களே?"

"அது தாழ். குன்னூர்ல டீ ருசி பாக்கறவங்களப் பார்த்திருக்கீங்களா? ஊறுகாய் தொட மாட்டாங்க, வெங்காயம் தொட மாட்டாங்க. நாக்கு சுத்தமா இருக்கணும். உங்க காதும் அப்படித்தான். பக்கத்து வீட்டு டிவி, கோயில் மைக்குன்னு கண்டதும் உள்ள போனா காது கெட்டுரும். அதனால வெளிய இருக்கற பாட்ட மட்டும் தாழ் நிறுத்திரும். பேச்சு, ஹாரன், மழ எல்லாம் எப்பவும் போலக் கேக்கும். எங்க நாற்காலில வந்து உக்காந்தா தாழ் தொறக்கும். நாலு வருஷம். அப்பறம் நாங்களே கழட்டிருவோம்."

"புதுப் பாட்டெல்லாம் எனக்குத்தான் மொதல்ல வருமா?"

"உலகத்துலயே மொதல்ல."

அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தாள். 'முதல் செவி' என்று பட்டமும் கொடுத்தார்கள். நந்து "வேண்டாம் தாரு, பாட்டு இல்லாம நீ எப்படி வீட்டுல இருப்ப?" என்று கெஞ்சிப் பார்த்தான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒன்றை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. குழந்தை பேச ஆரம்பிக்கும்போது பாதிக்கு மேல் பாட்டுதான். 'அம்மா' என்று மிதிலா இழுத்துக் கூப்பிட்டால் 'அம்' மட்டும் கேட்கும், மீதியைத் தாழ் விழுங்கிவிடும். குழந்தைகள் கெட்டிக்காரர்கள். இரண்டு வயதிலேயே மிதிலா விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அப்பாவிடம் இழுத்து இழுத்துக் கொஞ்சுவாள். அம்மாவிடம் வந்தால் செய்தி வாசிக்கிறவள் மாதிரி, "அம்மா. பால் வேணும். சக்கர வேணும்" என்று ஒரே மட்டத்தில் சொல்லுவாள். அதைக் கேட்டுவிட்டுத் தாரணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள்.

காதுகுத்தின்போது ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம்கூட இல்லை. தாழைக் கழற்றியதும் மிதிலாவை மடியில் உட்காரவைத்து, இழுத்து ஒரு 'அம்மா' சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் அவ்வளவில் வந்து நின்றிருந்தது.

மண்டபத்திலிருந்து திரும்பும்போது மிதிலா பின்சீட்டில் தூங்கிப்போனாள். காதில் புதுத் தோடு, கன்னத்தில் காய்ந்த கண்ணீர்.

"பெரியம்மா சொன்னத மனசுல வெச்சுக்காத," என்றான் நந்து.

"அவங்க கேட்டது நெசந்தான?"

கண்ணாடியில் மிதிலாவைப் பார்த்தான். அப்புறம், "நான் ஒண்ணு செய்யட்டுமா? ஒரு பாட்டுப் போட்டிருக்கேன். அத ஊஞ்சலுக்கு அனுப்பறேன். உங்ககிட்ட வர்ற பாட்டுக்குப் பேரு ஊரு ஒண்ணும் இருக்காதுல்ல. என்னைக்காச்சும் உன்ற நாற்காலிக்கு வரும். தாழ் தொறந்திருக்கும், கேட்டுக்க" என்றான்.

"என்ன பாட்டு?"

"சொல்லிட்டா அப்பறம் என்ன இருக்குது? நீயே கண்டுபுடி. நாலாவது வரி வந்தாத் தெரிஞ்சுக்குவ."

"மொத வரியிலயே கண்டுபுடிச்சிருவேன்," என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

மறுநாள் வழக்கத்துக்கு முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஜன்னல் இல்லாத, வெளியாட்களை விடாத அறை. ஏசி ஒரே அளவில் இருக்கும். குளிரில் புல்லரித்துவிடக் கூடாது என்று அதையும் அளந்து வைத்திருந்தார்கள். பாட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும், அவள் கேட்பாள், அரிசி பார்த்துக்கொள்ளும். அந்த வாரம் ஒரு மத்தியானம், விசேஷ வேலையின் அலுப்போ என்னவோ, நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டாள். எட்வின் வந்து எழுப்பினான். "பாட்டு அவ்வளவு போருங்களா மேடம்?" என்று சிரித்தான். வெட்கத்தோடு முகத்தைக் கழுவிவிட்டு வந்து அடுத்ததைக் கேட்டாள்.

நந்துவின் பாட்டு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கும்போது 'இதுவா?' என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கிடார் வந்தால் இதுவா, ஆண் குரல் வந்தால் இதுவா. நாலாவது வரியை நெருங்க நெருங்கக் கை முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு வரும். பாட்டு ஏமாற்றிவிட்டுப் போய்விடும், ஆனால் அரிசி சிலிர்ப்பைக் குறித்துக்கொண்டிருக்கும். மெதுவாகத் தொடங்கி, கதவருகே யாரோ நிற்பது மாதிரித் தயங்குகிற சுமாரான பாட்டெல்லாம் இப்படி வரிசையாகத் தேறின. தன் காது கெட்டுவிட்டது என்று தாரணிக்கே தெரிந்தது. கண்டுபிடித்துத் துரத்திவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

ஒப்பந்தம் முடிகிற மாதம் எட்வின் மைசூர்பாகு டப்பாவோடு வந்தான்.

"மேடம், வெளிய என்ன நடக்குதுன்னு தெரியுங்களா? நீங்க இப்பத் தேர்ந்தெடுத்த பாட்டுகளுக்கு ஜனங்க பேரே வெச்சுட்டாங்க, வாசல் பாட்டுன்னு. கேட்டா யாரோ வரப்போற மாதிரி இருக்குதாம். பஸ்ல கேட்டுட்டே ஸ்டாப்ப விட்டுர்றாங்க. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் இதத்தான் பாடச் சொல்லிக் கத்தறாங்க. ஊஞ்சல்ல இதுவரைக்கும் இந்த மாதிரி ஆனதே இல்ல."

"அது தப்புங்க எட்வின். அந்தப் பாட்டு ஒண்ணும் எனக்குப் புடிக்கல. நான் வேற ஒண்ணுக்காகக் காத்துட்டிருந்தேன். அந்த நெனப்புலதான் சிலுத்துச்சு."

"இருக்கட்டுங்க. அரிசி காரணம் கேக்கறதில்ல." டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். "ஒப்பந்தத்த இன்னும் நாலு வருஷம் நீட்டிக்கற உரிமை எங்களுக்கு இருக்குது. நீட்டிச்சிருக்காங்க."

"முடியாது. கழட்டி விடுங்க. எம்பொண்ணுக்கு நாலு வயசாகப் போகுது. அவ இழுத்துக் கூப்புடற கொரல நான் கேட்டதில்ல."

"என் கையில இல்லீங்க மேடம். தாழ் உங்க நரம்போட சேர்ந்து வளர்ந்திருக்கு. எங்க சாவி இல்லாம வேற யாராச்சும் எடுத்தா பேச்சும் சேர்ந்து போயிரும். அப்பறம் மழச் சத்தம்கூடக் கேக்காது. தயவுசெஞ்சு அந்த மாதிரி எதுவும் பண்ணிராதீங்க."

அவன் வருத்தத்தோடுதான் சொன்னான். நல்லவன்தான். இந்த மாதிரி வேலைகளை நல்லவர்களை வைத்துத்தான் செய்ய முடியும். ரேஸ்கோர்ஸில் ஒரு காது டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவரும் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொட வேண்டாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தாரணிக்குக் கோபம் நந்துவின் மேல் திரும்பியது. அடிபட்ட கை, பக்கத்தில் இருப்பவரைத்தானே அடிக்கும்.

"எல்லாம் உன்னாலதான். பாட்டு அனுப்பறேன், பாட்டு அனுப்பறேன்னு சொல்லி என்னைக் காத்திருக்க வெச்ச. நான் காத்திருந்தத எடுத்து அவன் ஊருக்கு வித்துட்டான். அந்தப் பாட்டு வந்து தொலஞ்சாலாச்சும் பரவால்ல. இன்னும் வரவே இல்ல."

நந்து மிதிலாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பதை நிறுத்தாமல் சொன்னான்.

"வந்துருச்சு தாரு. மொத வாரமே வந்துருச்சு."

"என்ன சொல்ற?"

"மொத வாரமே 'தேர்வாகவில்லை, நன்றி'ன்னு ஊஞ்சல்ல இருந்து பதில் வந்துச்சு. நீ கேட்டுட்டுத்தான் தள்ளிட்டேன்னு நெனச்சேன். மூணாவது பாட்டத் தவிர மத்தத விட்ருங்கன்னு சொன்னவதான நீ. புடிக்கலைன்னா புடிக்கலைதான். அதப் போயி எப்படிக் கேக்கறது?"

பத்து மாதமாக ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தி வரவில்லை என்று காத்திருந்திருக்கிறாள், ஒருத்தன் பிடிக்கவில்லை என்று மருகியிருக்கிறான். தன் காதை நம்பி வாழ்ந்தவள் தாரணி. தாலி கட்டினவன் குரலைக் கேட்டும் அடையாளம் தெரியாமல் போயிற்றா?

மறுநாள் எட்வினிடம் போய் அந்த வாரத்துக் கணக்கைக் காட்டச் சொன்னாள். தள்ளின பாட்டை ஊஞ்சல் அழித்துவிடும், அதே பாட்டு வேறு வேஷத்தில் வந்தாலும் வாங்காது. கேட்கும்போது அரிசி வரைந்த கோடு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். எட்வின் திரையில் விரலை வைத்துக் காட்டினான்.

"இதுவாத்தான் இருக்கும் மேடம். ஆம்பள கொரல், கிடார். பாருங்க, கோடு அப்படியே படுத்திருக்கு. ஒரு ரோமம்கூட எந்திரிக்கல. ஞாபகம் இருக்குங்களா, அன்னைக்கு நீங்க தூங்கிட்டீங்களே? மொத வரிக்கே கண்ணு சொக்கிருச்சு, ரெண்டாவது வரியிலயே தூங்கிட்டீங்க. ஈர்ப்பு இல்லைன்னு எடுத்துக்கிச்சு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, தாரணி அதை நந்துவிடம் சொன்னாள். குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"தூங்கிட்டியா?"

"ம்."

"எந்த எடத்துல?"

"ரெண்டாவது வரியில."

நந்து சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தும் விடாமல் சிரித்தான். மிதிலா ஓடிவந்து, எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

"அடிப் பைத்தியமே, அது தூங்க வெக்கற பாட்டு. நீ வேலைக்குப் போனதுக்கப்பறம் இவளத் தூங்க வெக்கறதுக்குன்னு போட்டது. இவளும் ரெண்டாவது வரியிலதான் கண்ண மூடுவா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி."

பத்து மாதத்துப் பாரம் தாரணியின் நெஞ்சிலிருந்து இறங்கியது. பிடிக்காமல் தள்ளவில்லை. நிம்மதிக்கு ரோமம் எழுந்து நிற்காது என்பது அந்தப் படித்த கூட்டத்துக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு இப்பக் கேக்கணும்," என்றாள்.

"எப்படிக் கேக்கும்?"

"பாடாத. சொல்லு. பேப்பர் படிக்கற மாதிரிச் சொல்லு. பேச்சுன்னா தாழ் விட்டுரும்."

நந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையன் மாதிரிச் சொன்னான்.

"கதவு சும்மா சாத்திருக்கு. காத்து வந்து தட்டுது. தட்டு ரெண்டும் கழுவியாச்சு. அம்மா இப்ப..."

"அம்மா இப்ப? அப்பறம்?"

"சொல்லிட்டனே."

"கேக்கல."

மறுபடி சொன்னான். மூன்று வரியும் தெளிவாக வந்தன. நாலாவது வரியின் கடைசி வார்த்தை மட்டும் காணோம். உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

"அது என்ன வார்த்த?"

"வந்துருவா."

இப்போது கேட்டது. தனியாகச் சொன்னால் கேட்கிறது, வரியோடு சேர்த்துச் சொன்னால் மறைந்துவிடுகிறது. நந்துவுக்கே அப்புறம்தான் புரிந்தது. எவ்வளவு தட்டையாகச் சொல்ல முயன்றாலும் அந்த இடத்துக்கு வரும்போது குரல் தானாக ஒரு துளி மேலே ஏறிவிடுகிறது. இத்தனை நாள் மகளைத் தூங்கவைத்த பழக்கம், விடுமா? அந்தத் துளியைத் தாழ் மோப்பம் பிடித்து விழுங்கிவிடுகிறது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் தாரணி.

சொன்னான். கதவு, காத்து, தட்டு, அம்மா இப்ப. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் பாட்டு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் வீட்டில் இத்தனை நாள் தன்னைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்த பாட்டு அங்கேதான் இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை அவளுக்குச் சிலிர்த்தது. அந்த நாற்காலியில் எந்தப் பாட்டுக்கும் அப்படிச் சிலிர்த்ததில்லை. சந்தோஷத்தில் மிதிலாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சாயங்காலம் வரைக்கும் அவனைச் சொல்ல வைத்தாள். கையில் அரிசி இருப்பதே மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை எட்வின் ஊஞ்சல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"நேத்து மத்தியானம் வீட்டுல என்ன கேட்டீங்க மேடம்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பேசிட்டிருந்தோம்."

"தாழும் அதத்தாங்க சொல்லுது. பேச்சு, பேச்சு, பேச்சு, அப்பறம் ஒரே ஒரு வார்த்த அளவுக்கு மூடியிருக்கு. அந்த எடத்துல கோடு மேல முட்டிட்டு நிக்குது. திரும்பத் திரும்ப." அவன் குரல் தணிந்திருந்தது. "பாட்டே இல்லாத எடத்துக்கு இப்படி ஆகும்னு எங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க."

"அது வீட்டு விஷயங்க. அத விட்ருங்க."

"கண்டிப்பாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அவசரமாக மாடிப்படி ஏறினான். மைசூர்பாகு கொண்டு வந்த நாளில்கூட அவன் அப்படி ஓடவில்லை.

சில மாதம் கழித்து விஷயத்தை முதலில் சொன்னவன் நந்துதான். தெருவில் போகிற பாட்டு அவனுக்குத்தானே கேட்கும்.

"புதுப் பாட்டுல எல்லாம் ஒரு ஓட்ட வெக்கறாங்க தாரு. நாலாவது வரி வரைக்கும் பாடறாங்க, கடைசி வார்த்தைய மட்டும் விட்டுர்றாங்க. எல்லாச் சத்தமும் டப்புனு நின்னுருது. டீக்கடையில நிக்கற ஆளுக டம்ளரக் கீழ வெக்காம அப்படியே நிக்கறாங்க." தாரணியின் கையைப் பார்த்துவிட்டு, "நம்ம எடத்தத்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றான்.

அன்றைக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அந்தப் பாட்டைப் பேச்சாகக்கூடச் சொல்லவில்லை. மிதிலாவைத் தூங்கவைக்க நந்து வேறு கதை சொன்னான். வீட்டில் நாலு பேச்சுப் பேசினால்கூடத் தாரணி இடது கையால் வலது முழங்கையை மூடிக்கொண்டாள். மூடினால் அரிசிக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுபோல.

ஊஞ்சலின் ஆண்டுவிழாக் கச்சேரி அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. முதல் செவி முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. நந்து மிதிலாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தான். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. மேடையில் ஐந்தாறு பேர் ஏறி வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

தாரணிக்கு அது எப்போதும் போலத்தான் இருந்தது. பாடகி வாயைத் திறந்தாள், சத்தமில்லை. டிரம்ஸ்காரன் வியர்த்தான், சத்தமில்லை. நடுநடுவே விசிலும் கூச்சலும் மட்டும் வந்து விழுந்தன, வாசலில் கடலை விற்கிறவரின் குரல் வந்தது. கூட்டம் சேர்ந்து பாட ஆரம்பித்ததும் கூட்டத்தின் சத்தமும் போய்விட்டது. ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடின.

திடீரென்று எல்லா வாயும் ஒரே நேரத்தில் நின்றன. பாடகியின் கை காற்றில் நின்றது. டிரம்ஸ்காரனின் குச்சி தூக்கினபடி நின்றது. மைதானம் முழுக்க ஒருவரும் அசையவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, யாரோ வருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தாரணிக்குக் கேட்டதும் அவர்களுக்குக் கேட்டதும் ஒன்றாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை இத்தனை பேர் மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஆத்திரமும் வந்தது.

அப்போதுதான் பக்கத்து வரிசை திரும்பியது. அதற்குப் பின்னால் இருந்த வரிசை திரும்பியது. மேடையில் பாடகியும் திரும்பி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துத் தாரணி தலையைக் குனிந்தாள். பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பக்கத்தில், நந்துவின் தோளுக்கு மேலே பார்த்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். மிதிலா அப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயை முழுசாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். அந்த விடுபட்ட வார்த்தை என்னவென்று அந்த மைதானத்தில் தெரிந்த குழந்தை அவள் ஒருத்திதான். உதடு குவிந்து விரிவதைத் தாரணி எழுத்து எழுத்தாகப் படித்தாள். வந்துருவா. இழுத்து, வேண்டிய மட்டும் இழுத்து, கழுத்து நரம்பு தெரிய இழுத்துப் பாடினாள். நந்து அசையாமல் நின்றான். அவன் முகம் நனைந்திருந்தது.

தாரணியின் கையில் மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. துப்பட்டாவை இழுத்து மூடினாள். மேடையோரம் நின்றிருந்த எட்வின், கையிலிருந்த திரையைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி மிதிலாவைப் பார்த்தான்.

கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாரணியின் தோளைத் தொட்டார்.

"உங்க பாப்பாங்களா? என்ன கொரலுங்க அது! எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. கேட்டீங்களா?"

"கேட்டனுங்க," என்றாள் தாரணி.